முதல் மருந்தையும் கடைசிக் கரண்டையும் ஒரே கலண்டரில் குறியுங்கள்

பயொப்சித் துண்டில் ‘ஸ்மோல் செல்’, அதாவது சிறுகல நுரையீரல் புற்றுநோய், என்று வந்துவிட்டால், அழுகிற அழுகையை அழுதுவிட்டு, சுவரில் தொங்குகிற கலண்டரைக் கழற்றி மேசையில் வையுங்கள். இந்த வருத்தத்துக்கு என்ன மருந்து என்பது எவ்வளவு முக்கியமோ, எந்த நாளில் எது என்பதும் அவ்வளவு முக்கியம். மருந்தைப் பற்றி டொக்டர் தானாகவே சொல்லுவார், நாளைப் பற்றி நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. என் சித்தப்பாவுக்கு வந்தபோது எனக்கு இது தெரியாது, தெரிந்துகொள்வதற்குள் 11 நாள் போய்விட்டது. அந்த 11 நாள் இன்னொரு திருகோணமலைக் குடும்பத்துக்குப் போகக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. ஆனால் ஒரு வருத்தக்காரரோடு பஸ்ஸிலும் வார்ட்டிலும் வாடகை அறையிலும் மாதக்கணக்கில் இருந்தவன், அவருடைய கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன், இரவில் அவர் தூங்கிய பிறகு இந்த வருத்தத்தைப் பற்றி வந்த ஆய்வுகளை மினக்கெட்டு வாசித்தவன். இதில் உள்ளதை வைத்து நீங்களாக எதையும் முடிவெடுக்க வேண்டாம், கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஜைக் கேளுங்கள், அதிலிருந்துதான் கணக்கு

சிறுகல நுரையீரல் புற்றுநோய்க்கும் 1, 2, 3, 4 என்று நிலை சொல்வார்கள், ஆனால் கிளினிக்கில் பெரும்பாலும் இரண்டு சொல்தான் காதில் விழும். கட்டியும் அதைச் சேர்ந்த நிணநீர்க் கணுக்களும் நெஞ்சுக்குள், பாதுகாப்பாகக் கதிர் பாய்ச்சக்கூடிய ஒரே எல்லைக்குள் அடங்கினால் ‘லிமிடெட்’. மூளை, ஈரல், எலும்பு என்று தாண்டியிருந்தால் ‘எக்ஸ்டென்சிவ்’. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் கண்டுபிடிக்கும்போதே தாண்டித்தான் இருக்கும். நான் கீழே சொல்லப்போகிற நாள் கணக்கு லிமிடெட் ஆட்களுக்கு. அவர்களுக்குத்தான் கீமோவும் நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்தே போகும், எங்கள் சனம் ‘மருந்து ஏத்துறது’, ‘கரண்ட் பிடிக்கிறது’ என்று சொல்லுகிற அந்த இரண்டும். நோக்கமும் முழுதாகக் குணமாக்குவது.

எக்ஸ்டென்சிவ் என்றால் மருந்துதான் முதலில், கரண்ட் பிறகு. மருந்துக்குக் கட்டி சுருங்கியவர்களுக்கு நெஞ்சுக்கு 10 தடவையில் 30 கிரே (கதிரின் அளவைச் சொல்லுகிற அலகு) கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சு எடுத்தவர்களில் நூற்றுக்கு 13, எடுக்காதவர்களில் 3. ஆகவே அந்த ஸ்டேஜ் என்று சொன்னாலும், கீமோ முடிகிற நேரத்தில் ‘நெஞ்சுக்குக் கரண்ட் உதவுமா’ என்று ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்.

ஸ்டேஜ் பார்க்க நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி, மூளைக்கு எம்ஆர்ஐ, முடிந்தால் பெட் ஸ்கேன், இல்லையென்றால் எலும்பு ஸ்கேன் என்று போகும். இதில் ஒன்றுக்கு ஒரு மாதம் கழித்துத் திகதி தந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ‘இதுக்காக முதல் மருந்து பிந்துமா டொக்டர்?’ என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். இந்தக் கட்டி வளருகிற வேகத்தில் ஒரு மாதம் என்பது பெரிய காலம், அது அவர்களுக்கும் தெரியும், கேட்டால் வேறு வழி பார்ப்பார்கள்.

ஏன் நாளை எண்ண வேண்டும்

சிறுகலக் கட்டி கெதியாகப் பெருகும். பெருகுகிற செல்களைத்தான் கீமோவும் கதிரும் நன்றாகப் பிடிக்கும், ஆகவே முதல் மருந்திலேயே கட்டி சுருங்கி, இருமல் குறைந்து, முகத்தில் வெளிச்சம் வந்து, வீட்டில் எல்லோரும் தப்பிவிட்டோம் என்று மூச்சு விடுவார்கள். கவனமாக இருக்க வேண்டிய நேரம் அதுதான். தப்பிய செல்கள் சும்மா இருப்பதில்லை, மருந்துக்குப் பழகியவையாக, முன்னைவிட வேகமாகத் திரும்பப் பெருகும். அவை தலை எடுக்க முன்னரே கதிர் போய் முடிந்துவிட வேண்டும்.

இது ஊகம் இல்லை. 13 ஆய்வுகளைச் சேர்ந்த 2,140 பேருடைய கணக்கை ஒன்றாக்கி 1992இல் பார்த்தபோது, கீமோவோடு நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் சேர்த்தால் மூன்று வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 5.4 பேர் கூடுகிறார்கள் என்று தெரிந்தது. அடுத்த கேள்வி, எப்போது சேர்ப்பது? கனடாவில் 308 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மூன்றாம் கிழமையிலும் மற்றப் பகுதிக்குப் பதினைந்தாம் கிழமையிலும் கதிர்வீச்சைத் தொடங்கினார்கள். 1993இல் முடிவு வந்தது: ஐந்து வருடம் கழித்து முந்தித் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 20 பேர் இருந்தார்கள், பிந்தியவர்களில் 11. மருந்தும் ஒன்று, கதிரின் அளவும் ஒன்று, மாறியது நாள் மட்டும்தான். ஜப்பானில் 231 பேரை வைத்து, கீமோவோடு சேர்த்துக் கொடுப்பதையும் கீமோ எல்லாம் முடித்த பிறகு கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள், 2002இல் வெளிவந்தது, நடு ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 27.2 மாதமும் 19.7 மாதமும்.

பிறகு 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கணக்கைச் சொன்னார்கள். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் கைகொடுத்தது. முதல் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து கடைசிக் கரண்ட் முடிகிற நாள் வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த இடைவெளி 30 நாளுக்குள் இருந்த ஆட்கள்தான் நல்லாக வந்திருந்தார்கள், இடைவெளி ஒவ்வொரு கிழமை நீளும்போதும் ஐந்து வருடம் இருக்கிறவர்கள் நூற்றுக்கு 1.8 பேரளவில் குறைந்தார்கள். இதில் தொடங்குகிற நாள் மட்டும் போதாது, முடிகிற நாளும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நேரத்துக்குத் தொடங்கி இடையில் பத்து நாள் விட்டாலும் பிந்தினது பிந்தினதுதான்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களைத் தவறாக அவசரப்படுத்தியவன் ஆவேன். கனடா ஆய்வை அப்படியே திரும்ப 325 பேரில் லண்டன் குழு ஒன்று செய்து 2006இல் வெளியிட்டபோது முந்தியதற்கும் பிந்தியதற்கும் வித்தியாசமே வரவில்லை. ஏன் என்று பார்த்தால், முந்தித் தொடங்கிய பகுதியில் கனபேருக்குக் கீமோவை முழுதாக ஏற்ற முடியாமல் போயிருந்தது. பிறகு எல்லா ஆய்வுகளையும் ஆள் ஆளாகச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே பதில்: கீமோ குறையாமல் போனால்தான் முந்தியதில் இலாபம், கீமோ தடைப்பட்டால் அந்த இலாபம் கரைந்துவிடும். ஆகவே கரண்டைக் கெதியாகத் தொடங்குவதோடு, கீமோவை முழுமையாக ஏற்றி முடிக்கிற அளவுக்கு ஆளைத் தாங்கிப் பிடிப்பதும் இந்த வேலையில் சரிபாதி. சோறு, தண்ணீர், காய்ச்சல் பார்ப்பது, நித்திரை எல்லாம் அந்தப் பாதியில்தான் வரும்.

கலண்டரில் எப்படிக் குறிப்பது

இரண்டு பேனை வேண்டும். நாங்கள் கீமோவுக்கு நீலம், கரண்டுக்குச் சிவப்பு வைத்துக்கொண்டோம்.

வழமையான மருந்து சிஸ்பிளாட்டினும் எட்டோபொசைட்டும், சிறுநீரகம் அல்லது காது பலமில்லாதவர்களுக்கு சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகக் கார்போபிளாட்டின். மூன்று நாள் ஏற்றுவார்கள், பிறகு இடைவெளி, 21 நாளுக்கு ஒரு சுற்று, பொதுவாக நாலு சுற்று. முதல் மருந்து ஒரு திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 1ஆம் நாள். இரண்டாம் சுற்று 22ஆம் நாள், மூன்றாவது 43, நாலாவது 64. இந்த நாலையும் நீலத்தால் வட்டமிடுங்கள்.

இனிச் சிவப்பு. கதிர்வீச்சு முதல் சுற்றோடோ இரண்டாம் சுற்றோடோ தொடங்க வேண்டும் என்பதுதான் இப்போது உலகமெங்கும் உள்ள வழிகாட்டல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 1.5 கிரே, 30 தடவையில் 45 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று கிழமை: அமெரிக்காவில் 417 பேரில் இதைச் செய்து 1999இல் முடிவைச் சொன்னார்கள். அதே 45 கிரேயை நாளுக்கு ஒரு தடவையாக ஐந்து கிழமைக்கு இழுத்தவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 16, மூன்று கிழமையில் முடித்தவர்களில் 26. இதை 22ஆம் நாள் தொடங்கினால் 40ஆம் நாள் வெள்ளிக்கிழமை முடியும். 8ஆம் நாளே தொடங்க முடிந்தால் 26ஆம் நாள் முடிந்துவிடும், அந்த 30 நாள் கோட்டுக்குள் வருவது அப்படித்தான்.

நாளுக்கு ஒரு தடவை முறையும் இருக்கிறது, அதைத் தருகிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 547 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது, 33 நாளில் 66 கிரே எடுத்தவர்களும் இரண்டு வேளை எடுத்தவர்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தார்கள், நடு ஆயுள் 25 மாதம், 30 மாதம், அந்த வித்தியாசத்தை உறுதி என்று சொல்ல முடியவில்லை. அதிலும் இரண்டு பகுதிக்கும் 22ஆம் நாள்தான் தொடக்கம். ஆனால் கலண்டரில் போட்டுப் பாருங்கள்: 22இல் தொடங்கி ஒரு நாளும் விடாமல் போனால்கூட 66ஆம் நாளில்தான் முடியும், இடையில் மூன்றாம் சுற்றும் நாலாம் சுற்றும் வந்து விழும். கனடாக்காரர் 1993 ஆய்வில் கொடுத்தது நாளுக்கு ஒன்றாக 15 நாளில் 40 கிரே, அதுவும் மூன்று கிழமையில் முடிகிற ஒரு வழி. எது உங்கள் ஆளுக்கு என்பது கட்டியின் அளவு, நுரையீரலின் பலம், மெசினில் உள்ள இடம் எல்லாம் சேர்ந்தது, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘எந்தத் திகதியில் முடியும்?’

சிவப்பில் குறித்த பிறகு இன்னொரு வேலை. போயா தினங்களைப் பாருங்கள். மாதம் ஒன்று வரும், அதோடு சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், தீபாவளி. மெசினுக்கும் அன்று லீவு. மூன்று கிழமைக்குள் இரண்டு லீவு விழுந்தால், சனிக்கிழமை ஈடுசெய்வார்களா, அல்லது நாளுக்கு ஒரு தடவை எடுக்கிறவர் என்றால் ஆறு மணித்தியால இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை தருவார்களா என்று தொடங்க முன்னரே கேளுங்கள். சித்தப்பாவுக்கு நான் கேட்டது லீவுக்கு முதல்நாள் பின்னேரம், அப்போது இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

எப்போது கொஞ்சம் பொறுப்பார்கள்

கட்டி மிகப் பெரிது, முதல் நாளே கதிர் பாய்ச்சினால் நல்ல நுரையீரலும் கருகும் என்றால், ஒன்றோ இரண்டோ சுற்று கீமோ ஏற்றிச் சுருங்கவிட்டுத்தான் தொடங்குவார்கள். அதில் குறை நினைக்காதீர்கள். தென்கொரியாவில் 222 பேரில் முதல் சுற்றோடு தொடங்கியதையும் மூன்றாம் சுற்றோடு தொடங்கியதையும் ஒப்பிட்டு 2013இல் சொன்னது, முடிவில் வித்தியாசமில்லை, முந்தியவர்களுக்கு வெள்ளையணு விழுந்து வருகிற காய்ச்சல்தான் கூட. ஆளே படுக்கையில், எழும்பி நடக்க முடியாது என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்குவதும் உண்டு.

ஆக, டொக்டர் காரணத்தோடு பொறுக்கச் சொன்னால் அது சிகிச்சை. துண்டு தொலைந்து, போன் எடுக்க ஆளில்லாமல், அடுத்த புதன் வாங்கோ என்று தள்ளிப்போனால் அது சுணக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

எங்கள் 11 நாள் அந்த இரண்டாவது வகை. ஒரு இடத்தில் கீமோ, இன்னொரு இடத்தில் கரண்ட் என்று முடிவானது. கடிதம் ஒரு இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போகும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அது வேறொருவருடைய பைலுக்குள் மடித்தபடியே கிடந்தது. கரண்டுக்கு முன் ‘பிளானிங் சிடி’ என்று ஒன்று எடுக்க வேண்டும், படுக்க வைத்து, நெஞ்சில் குறி போட்டு, அதை வைத்துத்தான் பிசிசிஸ்ட், கதிரின் அளவைக் கணிக்கிறவர், கணக்குப் போடுவார், அந்தக் கணக்குக்கே நாள் எடுக்கும், இதெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் அங்கே நின்ற ஒரு நேர்ஸ் மிஸ்தான், ‘தம்பி, முதல் மருந்து ஏத்தின கையோட பிளானிங்குக்குப் பேர் குடுத்திருக்கலாமே, இவ்வளவு நாளும் எங்க நிண்டனீங்கள்?’ என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது.

அதனால் இதை அப்படியே செய்யுங்கள்: முதல் கீமோவுக்குப் பேர் பதிகிற அன்றே கதிர்வீச்சு டொக்டரைப் பார்க்கத் திகதி கேளுங்கள். கடிதத்தைக் கையில் வாங்குங்கள், போன் கமராவில் ஒரு படம் எடுங்கள், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், கொடுத்த இடத்தில் யார் வாங்கினார் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பிளானிங் சிடி என்றைக்கு, முதல் கரண்ட் என்றைக்கு, கடைசிக் கரண்ட் என்றைக்கு, இந்த மூன்று திகதியும் கலண்டரில் ஏறாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

திருகோணமலையில் இருந்து போகிறவர்களுக்கு

எங்களுக்குச் சுணக்கம் பெரும்பாலும் ரோட்டில்தான் தொடங்குகிறது. கொழும்புப் பக்கத்து மகரகம, கண்டி, தெல்லிப்பழை, மட்டக்களப்பு என்று இடங்களின் பெயர் அடிபடும், எல்லோரும் முதலில் கேட்பது எது கிட்ட என்பதைத்தான். நான் சொல்லுவேன், எது முதலில் தொடங்கும் என்று கேளுங்கள், எந்த மெசின் இப்போது ஓடுகிறது, எத்தனை நாள் வரிசை, இரண்டு வேளை தருவார்களா என்று கேளுங்கள். மூதூர், வெருகல், வாகரை தாண்டி மட்டக்களப்புக்குப் போவது பாதித் தூரம்தான் என்றாலும், கொழும்புப் பக்கம் பத்து நாள் முந்தித் தொடங்கும் என்றால் நான் கொழும்புக்குத்தான் போவேன். மறுபடி, அங்கே வரிசை நீளம் என்றால் மட்டக்களப்பு.

எங்கே போனாலும் ஒன்று: ஒவ்வொரு நாளும் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் உற்சாகத்தில் முடியும். இரண்டாம் கிழமையில் தொண்டை நோகத் தொடங்கி, வெள்ளையணு விழுந்து, சனம் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் ஆளை ஏற்றுவது அவருக்கு ஆபத்து. இரண்டு வேளை என்றால் இடையில் குறைந்தது ஆறு மணித்தியாலம் விட வேண்டும், காலை எட்டுக்கு ஒன்று என்றால் அடுத்தது இரண்டு மணிக்குப் பிறகு, அந்த நேரத்துக்கு வெயிலில் வாங்கில் குந்தியிருக்க வைக்க முடியுமா? நடந்து போகிற தூரத்தில் ஒரு அறை பாருங்கள், மூன்று கிழமைக்கு, பிளானிங் சிடி எடுக்கிற அன்றே முற்பணம் கொடுத்துவிடுங்கள். காசு கஷ்டம் என்றால் வார்ட்டில் வைத்துச் செய்ய முடியுமா, வெளியூர்க்காரருக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று வார்ட் மிஸ்ஸிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மகன்மார் முறைமாறி நிற்கிறார்கள் என்றால் கலண்டரில் அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள், மாறுகிற நாளில்தான் எல்லாம் தவறும், எங்களுக்கு ஒரு தடவை மாத்திரைப் பை சீனன்குடாவில் ஒருவனுடைய மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருக்க ஆள் மட்டும் கொழும்பில் இருந்தார்.

இரண்டும் சேர்ந்து ஓடுகிற நாட்களில்

காய்ச்சல்மானி ஒன்று கட்டாயம். மருந்து ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு மிகக் கீழே போகும், அப்போது 38 பாகை காட்டினால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக்கூடாது, இரவு இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வாசலிலேயே ‘கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். ஊருக்கு வந்திருக்கும்போது நடந்தால் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கே போகலாம், அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, கொப்பி மட்டும் கையில் இருக்க வேண்டும். ஆள் திடீரென்று குழம்பிக் கதைத்தால், அளவுக்கு மீறித் தூங்கினால், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வருத்தம் சோடியத்தை இறக்கும். முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டினால் அதுவும் உடனடி விடயம்.

இரத்தம் குத்திப் பார்த்து அணுக்கள் குறைவு, கீமோ அடுத்த கிழமை என்று சொன்னால், உடனே ‘அப்ப கரண்ட் ஓடுமா?’ என்று கேளுங்கள். பலபேர் கீமோ இல்லை என்றதும் இரண்டும் இல்லை என்று நினைத்து மூட்டை கட்டி ஊருக்கு வந்துவிடுகிறார்கள். கீமோ தள்ளிப்போகும்போதும் கதிர்வீச்சு தொடரலாம், அதை நிறுத்துவதா என்று அந்த டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

தொண்டைதான் பெரிய பாடு. உணவுக்குழாய் கதிர் போகிற பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999 ஆய்வில் இரண்டு வேளை எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு விழுங்க முடியாத அளவுக்குப் புண் வந்தது, ஒரு வேளை எடுத்தவர்களில் 11 பேருக்கு. இரண்டாம் கிழமையில் நெஞ்சுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் தொடங்கி, கரண்ட் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை உச்சத்தில் நின்று, பிறகுதான் இறங்கும். சித்தப்பா மீன் குழம்பு இல்லாமல் ஒரு நாளும் சாப்பிடாத ஆள். பதின்மூன்றாம் நாள் பாறை மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தவர், கண்ணை மூடி, கையைக் கோப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது. அன்றிலிருந்து புளி, உறைப்பு இரண்டையும் நிறுத்தினோம். இடியப்பத்தை உறைப்பில்லாத பால்சொதியில் ஊறவைத்துப் பிசைந்து, குரக்கன் கஞ்சியை வடித்து ஆறவைத்து, வாழைப்பழத்தை மசித்து, அவித்த முட்டையைச் சோற்றுக்கஞ்சியில் அடித்துக் கலந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரைக் கோப்பை. சாப்பிட இருபது நிமிடம் முன்னர் டொக்டர் தந்த மரக்கச்செய்கிற பாணி. வலிக்கு மருந்து கேட்க வெட்கப்படாதீர்கள், வலி தாங்காமல் சாப்பிடாவிட்டால் நிறை இறங்கும், நிறை இறங்கினால் உடம்பு தாங்காது, கடைசியில் கரண்டை நிறுத்த வேண்டி வரும், கலண்டரில் போட்ட சிவப்பெல்லாம் வீண். கிழமைக்கு ஒரு நாள் நிறுத்து எழுதுங்கள்.

தண்ணீர் அதைவிட முக்கியம், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தில்தான் கை வைக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு மாதத்தில் சிகிச்சை நடந்தால் நோன்பை விடுவது பற்றி முன்கூட்டியே டொக்டரிடமும் ஆலிமிடமும் கதையுங்கள், வருத்தக்காரருக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. கோணேசருக்கு விரதம் பிடிக்கிறேன் என்று பட்டினி கிடக்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன், வீட்டில் வேறு யாராவது அவருக்காகப் பிடிக்கட்டும்.

சிகரெட், பீடி, சுருட்டு எதுவென்றாலும் அன்றோடு நிறுத்த வேண்டும். ‘இனி என்ன, வந்ததுதானே’ என்பார்கள். இரண்டு சிகிச்சையும் நடக்கும்போது புகைத்தவர்கள் நிறுத்தியவர்களைவிடக் குறைந்த காலமே இருந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். திட்டாதீர்கள், பக்கத்தில் இருங்கள், பீடிக்கட்டு வாங்கிக் கொடுக்கிற கூட்டாளியை மட்டும் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லுங்கள், அது நான் செய்த வேலை, எனக்கு அதில் வருத்தமில்லை. யாரோ சொன்ன கசாயம், கடையில் வாங்குகிற விட்டமின் மாத்திரை எதுவானாலும் போத்தலோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொடுங்கள். நெஞ்சில் போட்ட குறியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம், அழிந்தால் திரும்பப் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கும் நாள் போகும்.

கடைசிக் கரண்டுக்குப் பிறகும் கலண்டரை மூடாதீர்கள்

இரண்டு திகதி இன்னும் இருக்கிறது. சிகிச்சைக்கு நன்றாக இசைந்தவர்களுக்கு, கட்டி மூளைக்குப் பரவாமல் இருக்க, மூளைக்கு முன்கூட்டியே கதிர் கொடுப்பார்கள், பொதுவாக 10 தடவையில் 25 கிரே. 1999இல் வந்த தொகுப்பாய்வு, மூன்று வருடம் இருந்தவர்கள் அதனால் நூற்றுக்கு 15.3இலிருந்து 20.7ஆகக் கூடினார்கள் என்றது. நினைவு மந்தமாகும் என்ற பயமும் உண்மையானதுதான், அதனால் வயதானவர்களுக்கு அதை விட்டுவிட்டு எம்ஆர்ஐ எடுத்து எடுத்துப் பார்க்கிற வழியும் இருக்கிறது. இரண்டையும் கேட்டு முடிவெடுங்கள். மற்றது துர்வலுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்து. 2024இல் வந்த ஆய்வில் கீமோவும் கதிரும் முடித்தவர்களுக்கு இதைக் கொடுத்தபோது நடு ஆயுள் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக ஏறியது. விலை பயங்கரம், எல்லோராலும் முடியாது, அது தெரிந்துதான் சொல்லுகிறேன். அந்த ஆய்வில் கதிரும் கீமோவும் முடிந்து 42 நாளுக்குள் தொடங்கியிருக்கிறார்கள், ஆகவே கேட்பதாக இருந்தால் கடைசிக் கரண்ட் அன்றே கேளுங்கள், மூன்று மாதம் கழித்து அல்ல.

ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் இளைப்பும் வந்தால், கட்டி திரும்பிவிட்டது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், சளி என்று பாணி வாங்கிக் குடிக்கவும் வேண்டாம். கதிர் பட்ட நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், படம் பிடித்துப் பார்த்து ஸ்டெரோயிட் தருவார்கள், அந்த மாத்திரையைக் குணமானதும் சட்டென்று நிறுத்தாமல் அவர்கள் எழுதித் தருகிற கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பத்தாம் கிழமையில் வந்தது. அந்தக் குறைக்கிற கணக்கையும் கலண்டரில்தான் எழுதினோம், பச்சைப் பேனையால்.